நெவிலின் கழுத்தும் கிங்ஸ்வுட்டின் பானட்டும்

நெவில் ட்ரூவினின் மகள் கல்யாணமும், உள்ளூர்ப் பெலிக்கன் அணி ஃபுட்டி என்கிற கால்பந்து இறுதிப் போட்டியில் ஆடுவதும் ஒரே சனிக்கிழமையில் வரும் என்று வாலரூ ஊரில் ஒருவரும் கனவிலும் நினைத்ததில்லை. பிப்ரவரியில் தேதி குறித்தபோது, "செப்டம்பர் கடைசிச் சனியா? அன்னிக்கு ஃபைனலாச்சே" என்று பாதிரியார்கூட இழுத்துப் பார்த்தார்.

"ஃபைனலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் ஃபாதர்? நம்ம டீம் அந்தப் பக்கம் போயி முப்பத்தாறு வருஷம் ஆச்சு" என்று பெரிய மனது பண்ணிச் சொன்னவர் நெவில்தான்.

அந்த வருஷம் பார்த்துப் பெலிக்கன்களுக்கு என்ன வந்ததோ, ஜூலையிலிருந்து வரிசையாக ஜெயித்துத் தொலைத்தார்கள். அங்கே ஜூலைதான் குளிர்காலம் என்பதால் முதல் வெற்றியன்று நெவில் ஆரஞ்சும் கறுப்புமான கிளப் மஃப்ளரைக் கழுத்தில் சுற்றியிருந்தார். அணி ஜெயித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் கழற்றக் கூடாது, துவைக்கக் கூடாது என்பது அந்த ஊரில் எழுதாத சட்டம். பதினோரு வாரமாகச் சாப்பிடுவதும் தூங்குவதும் மஃப்ளரோடுதான். அவர் மனைவி லோர்னா மூன்றாவது வாரமே தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அடுத்த வீட்டு நண்பர் கிளாரி மட்டும் தினமும் காலையில் வேலிக்கு மேல் தலையை நீட்டுவார்.

"கழுத்துல இருக்கா மச்சான்?"

"இருக்குடா."

"கடவுள் இருக்காரு" என்று தலை உள்ளே போய்விடும்.

ஆனால் அந்தக் கல்யாண வாரம் நெவிலுக்கு ஃபுட்டியைவிடப் பெரிய கவலை ஒன்று ஷெட்டுக்குள் நின்றிருந்தது. எழுபத்தொன்றாம் வருஷத்து ஹோல்டன் கிங்ஸ்வுட் கார். நிறத்துக்கு வானநீலம் என்று பெயர். பன்னிரண்டு வருஷம் தார்ப்பாய்க்குள் கிடந்ததில் இப்போது மழைக்கு முந்தின வானம். மகள் டாம்சினை அதில்தான் சர்ச்சுக்குக் கூட்டிப் போவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா ராஸிடம் புத்தம் புதிய வெள்ளைக் கார் இருந்தது. ஸீட்டே சூடாகுமாம். "வண்டி தயாராகலன்னா கவலைப்படாதீங்க நெவ், என் வண்டி இருக்கு" என்று நாலு தடவை சொல்லிவிட்டார். நல்ல மனுஷன்தான். ஆனால் பெற்ற மகளின் கல்யாணத்தன்று சம்பந்தியின் செலவில் பின்பக்கத்தைச் சூடாக்கிக்கொண்டு போவதைவிட, பார்லி ஏற்றுகிற லாரியில் போவது மேல் என்று நெவிலுக்குப் பட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பக்கத்து ஊர் கடீனாவில் அடிபட்ட கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற கடையில் டாம்சின்தான் முதல் கை. "நான் ஒரு மணி நேரத்துல பாலிஷ் போட்டுக் குடுக்கறேம்ப்பா" என்றாள்.

"உன் கல்யாணத்துக்கு நீயே வண்டி துடைப்பியா? ஊரு சிரிக்காது? இது நான் என் கையால செய்யற வேலை. சனிக்கிழமை வரைக்கும் நீ இந்த ஷெட்டுப் பக்கம் வரக் கூடாது."

"சரிப்பா. மெஷினை மட்டும் கவனமாப் பிடி."

"முப்பது வருஷம் தானியக் கிடங்குல ராட்டினம் மாதிரி சுத்தற மெஷினெல்லாம் பாத்தவன்டீ நான்."

அவர் பார்த்தது உண்மைதான். தொட்டதில்லை, அவர் வேலை எடை போடுகிற அறையில்.

வியாழக்கிழமை காலை கிளாரி தன் மின்சாரப் பாலிஷ் மெஷினை வேலிக்கு மேல் கொடுத்தார். கிறிஸ்துமஸ் பன்றித்தொடை கனம். முனையில் பஞ்சு வட்டு. கூடவே ஒரு வழிகாட்டிப் புத்தகம், வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே மொறமொறவென்று. கிளாரி அதைத் திறந்ததே இல்லை.

லோர்னாவுக்கு அன்று விடுமுறை. இருபது வருஷமாக ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். வாரக் கடைசியில் வீட்டில் மெஷினைத் தூக்குகிற ஆண்பிள்ளைகளை எல்லாம் அவளுக்கு, வெட்டுப்பட்டு வந்த விரல் வரிசையாகத் தெரியும். மடக்கு நாற்காலி, ஒரு கோப்பை டீ, கறி அடைத்துச் சுட்ட பாஸ்டி பாதி இவற்றோடு ஷெட் வாசலில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள். நெவில் அரை டிராயர், கையில்லாத பனியன், ரப்பர் செருப்பு, மஃப்ளர் சகிதம் நின்றார்.

"'முதலில் வண்டியை நன்றாகக் கழுவித் துடைக்கவும். மண் இருந்தால் கீறல் விழும்.'"

"கழுவியாச்சு."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை."

"நேத்து வடக்குக் காத்து அடிச்சு என் பல்லுக்குள்ளயே மண்ணு. வண்டியில மட்டும் இருக்காதா?"

நெவில் மறுபடி கழுவினார்.

"'மூடிய ஷூ அணியவும்.'"

"செருப்பு மூடினதுதான். பாதி."

"'ஓரங்களுக்கும் மடிப்புகளுக்கும் பேப்பர் டேப் ஒட்டவும். அங்கே பெயிண்ட் மெல்லிசாக இருக்கும்.'"

"டேப்பெல்லாம் கண்ணு தெரியாதவனுக்கு."

"'கண்ணுக்குக் கண்ணாடி.' அதான் நீ தெரியும்னு சொல்ற கண்ணுக்கு."

அவர் வெயில் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஷெட் இருட்டில் இப்போது வண்டியே மங்கலாகத்தான் தெரிந்தது. அதை வெளியே சொல்லவில்லை.

"'பஞ்சு வட்டை வண்டி மேல் அழுத்தி வைத்த பிறகே...'"

கேட்டு முடிப்பதற்குள் சுவிட்சை அழுத்திவிட்டார். அந்தரத்தில் சுற்றிய வட்டு, அதில் தடவியிருந்த பாலிஷை நாலு திசைக்கும் வாரி இறைத்தது. கூரைக்கு ஒரு கோடு. கொடியில் காய்ந்த நர்ஸ் சீருடைக்கு ஒரு கோடு. லோர்னாவின் மூக்குக்கு ஒரு கோடு.

அவள் டீக்கோப்பையை எட்டிப் பார்த்தாள். "'...சுவிட்சைப் போடவும்'னு முடியுது" என்றாள்.

"முன்னாடியே முழுசாப் படிக்கக் கூடாதா?"

"ஒயரைத் தோள் மேல பின்பக்கமாப் போடு. இது நான் சொல்லல, புத்தகம் சொல்லுது. புத்தகத்துமேல கோவப்படு."

அதை மட்டும் கேட்டார். அடுத்த வரியைப் படித்த லோர்னா அவர் கழுத்தைப் பார்த்தாள். பார்வையில் பதினோரு வாரம் இருந்தது.

"'கழுத்துச் சங்கிலி, டை, தொங்கும் துணி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது.'"

"தொங்கலையே? சுத்திதானே இருக்கு?"

"நெவ், கழட்டு."

வேலிக்கு மேல் கிளாரியின் தலை முளைத்தது. "ஐயோ லோர்னா! இன்னும் ரெண்டே நாளும்மா! ஃபைனலும்மா!"

"உன் ஃபைனலைக் கொண்டு போய்க் கடல்ல போடு கிளாரி."

நெவில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, மஃப்ளர் நுனிகளைப் பனியனுக்குள் செருகினார். பேச்சுவார்த்தையில் அவர் எப்போதும் கெட்டிக்காரர். கை வலிக்கிறதே என்று, சுவிட்ச் தானாகவே அழுந்தி நிற்கிற பூட்டுப் பொத்தானையும் தட்டிவிட்டார்.

முதல் ஐந்து நிமிஷம் சொர்க்கம். மங்கலுக்குள்ளிருந்து நீலம் எழுந்து வந்தது. நெவில் சீட்டியடித்தார். பானட்டின் அந்தக் கோடிக்கு எட்டிக் குனிந்தார். பனியன் தொளதொளத்தது. மஃப்ளரின் ஒரு நுனி, வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்க வந்ததுபோல எட்டிப் பார்த்தது.

வட்டு அதைக் கவ்வியது.

மற்றது அரை நொடிச் சமாசாரம். கழுத்தைப் பிடித்து யாரோ கீழே இழுத்தார்கள். கன்னம் பானட்டில் அறைந்தது. மெஷின் கையிலிருந்து திமிறி, அவர் மூக்குக்கு நாலு விரல் தள்ளி ஒரே இடத்தில் நின்று உறுமியது. பூட்டின சுவிட்ச் விடவில்லை. எரிகிற பெயிண்ட் வாசனை. "லோர்" என்றார், "னா" வரவில்லை.

லோர்னா கத்தவில்லை, மெஷின் பக்கமே போகவில்லை. நேரே சுவருக்குப் போய் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். உறுமல் நின்றது.

"மூச்சு வருதா?"

"கொஞ்சம்."

"விரலை எண்ணு."

"பத்து."

"அசையாதே. கத்தரிக்கோல் எடுத்துட்டு வரேன்."

கிளாரி வேலியைத் தாண்டியே குதித்துவிட்டார். அறுபத்தெட்டு வயசில் அது வாலரூ கண்ட சாதனை. "வெட்டாதே லோர்னா! பஞ்சை எதிர்ப்பக்கமாச் சுத்தினா வந்துடும்! மெதுவா, அரை மணி நேரத்துல..."

"அரை மணி நேரமா? மூஞ்சி கத்தரிக்காய் நிறத்துல இருக்கு."

"மச்சான், நீ சொல்லு. நீ தாங்குவே இல்ல? கிளப்புக்காக?"

நெவில் ஒரு கணம் யோசித்தார் என்பதை மறைப்பதற்கில்லை. முப்பத்தாறு வருஷம். ஒரு கண்ணால் லோர்னாவின் கை தெரிந்தது. எத்தனையோ பேரைத் தைத்துப் போட்ட அந்தக் கை, கத்தரிக்கோலைத் திறந்தபடி அவர் வார்த்தைக்காகக் காத்து நின்றது. அது யாருக்காகவும் காத்து அவர் பார்த்ததே இல்லை.

"வெட்டுடி" என்றார்.

மஃப்ளர் மூன்று துண்டு. கிளாரி அவற்றைப் பொறுக்கி, மாற்று உறுப்பை எடுத்துப் போகிறவர்போல ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளப்புக்கு ஓடினார். அங்கே தூண்டில் நரம்பால் தைத்தார்களாம்.

நெவில் நிமிர்ந்து பானட்டைப் பார்த்தார். அதன் நடு மடிப்பில் தட்டளவுக்கு நீலம் போய், அடிப்பூச்சின் சாம்பல் நிறம் பல்லைக் காட்டியது. கழுத்து எரிந்ததை அவர் உணரவே இல்லை.

"ராஸுக்குப் போன் போடு" என்றார். "வெள்ளை வண்டி வரட்டும்."

லோர்னா போனை நீட்டினாள். ராஸ் எண் இல்லை, டாம்சின் எண். "இதை நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

மூன்று தடவை மணி அடித்தது. "அப்பா? என்ன பண்ணே?"

'என்ன ஆச்சு' என்றுகூட இல்லை. "வாம்மா" என்றார். "ஷெட்டுக்கே வா."

பெயிண்ட் பட்ட முழுக்கைச் சட்டையோடு இருபதாவது நிமிஷம் வந்து நின்றாள். முதலில் அவர் கழுத்தைப் பார்த்தாள். அங்கே சிவப்பாக ஒரு வளையம். அப்புறம் பானட்டுக்குக் குனிந்து விரலால் தடவினாள்.

"பெயிண்ட் மொத்தமும் போச்சு. இதுக்கு மறுபடி அடிச்சு, காய வெச்சு, ஒரு வாரம் வேணும். சனிக்கிழமைக்கு ஆகாது."

"தெரியும். நீ ராஸ் வண்டியிலயே போம்மா. மன்னிச்சுடு."

"பானட்டுல ஒரு தட்டு போச்சு. மீதி வண்டி இருக்கே?" தன் சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தாள். உள்ளே டீ-ஷர்ட். "இதைப் போட்டுக்கோ. செருப்பைக் கழட்டு. அம்மா, அப்பாவோட ஷூ எங்கே?"

"நீ பண்ணிடேன்மா. உனக்கு ஒரு மணி நேரம்தானே."

"நான் தொட மாட்டேன். உன் கையாலன்னு சொன்னே. உன் கையாலதான்."

முழுக்கைச் சட்டை வயிற்றில் பூட்டவில்லை; முதுகுப் பக்கம் ஒரு தையல் பிரிந்தது. டாம்சின் ஓரமெல்லாம் டேப் ஒட்டவைத்தாள். பஞ்சு வட்டை மாற்றும்போது, "பிளக்?" என்றாள். அவர் போய்ப் பிடுங்கிவிட்டு வந்தார். பூட்டுப் பொத்தான் மேல் டேப்பை ஒட்டிவிட்டாள். "இது உனக்குக் கிடையாது."

"வேகத்தைக் குறை. இன்னும். ரெண்டு கையாலயும் பிடி. ஒரு சமயத்துக்கு ஒரு நியூஸ் பேப்பர் அகலம்தான். நிக்காதே, நகத்திக்கிட்டே இரு. அமுக்காதேப்பா, அது உன் எதிரியில்ல."

"சரி."

"தொட்டுப் பாரு. சூடா இருக்கா?"

"இருக்கு."

"அப்போ ஆறட்டும். டீ குடி."

டீயில் இந்தத் தடவை பாலிஷ் இல்லை. மாலைக்குள் பின்கதவில் அவர் முகம் தெரிந்தது. வழக்கத்தைவிட நன்றாகவே இருந்தது; கழுத்தின் சிவப்பு வளையம் அந்தக் கதவில் தெரிகிற அளவுக்குள் வரவில்லை.

சனிக்கிழமை ராஸின் வெள்ளை வண்டி வாசலில் என்ஜின் ஓட நின்றது, "சும்மா, எதுக்கும் இருக்கட்டும்னு." டாம்சின் வெள்ளை உடையில் வெளியே வந்தாள். ராஸ் தன் கதவைத் திறந்து பிடித்தார். "ரொம்ப நன்றி அங்கிள்" என்று சொல்லிக்கொண்டே அதைத் தாண்டிப் போய், கிங்ஸ்வுட்டின் முன் கதவைத் தானே திறந்து உட்கார்ந்தாள். நெவிலுக்குச் சாவித் துவாரம் சட்டென்று தெரியவில்லை. வெயில் கண்ணாடிகூடப் போட்டிருக்கவில்லை.

தெருவில் ஈ காக்கை இல்லை. ஊரே மைதானத்தில்.

"ஒருத்தரும் பாக்கல" என்றார் நெவில், தாங்க முடியாமல்.

"மணி என்ன?"

"சர்ச்சுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

"அப்போ மைதானத்தைச் சுத்திப் போப்பா."

எல்லைக் கயிற்றை ஒட்டி, மூக்கை உள்பக்கம் நீட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கில் கார்கள் நின்றன. கார்களுக்குள் இருந்தபடியே ஆட்டம் பார்ப்பது, யார் கோல் போட்டாலும் ஹாரன் அடிப்பது அந்த ஊர் வழக்கம். அவற்றின் முதுகுப் பக்கமாகக் கிங்ஸ்வுட் ஊர்ந்தது. பானட்டின் சாம்பல் தட்டு அவர் கண்ணெதிரிலேயே வந்துகொண்டிருந்தது. சரியாகப் பாதி சுற்றில், நூறு ஹாரனும் ஒரே மூச்சில் அலறின.

நெவில் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, ராஜா மாதிரி கையைத் தூக்கி ஆட்டினார்.

"அப்பா, அது கோலுக்கு."

"தெரியும்."

"அதுவும் எதிர் டீம் அடிச்ச கோல்."

"அதுவும் தெரியும்" என்றார் நெவில். கையை இறக்கவில்லை. மகள் தன் பக்கத்து ஜன்னலையும் இறக்கிவிட்டு, அவளும் கையை நீட்டினாள்.