கேஸ் தொல்லை

எங்கள் வீட்டில் 'ஹார்ட்' என்ற பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. அத்தாவுக்கு இருந்தது கேஸ் தொல்லை. அப்படிப் பெயர் வைத்தது அம்மா ராபியா. காரணம், எனக்குக் கல்யாண வயது வந்துவிட்டது.

அத்தா பஷீருதீனுக்குச் சின்ன வயதிலேயே இதய வால்வு சுருங்கிப்போயிருந்தது. துடிப்பும் தாறுமாறு. ரத்தம் உறையாமல் இருக்கத் தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு, புதுப்பட்டினம் பஜாரில் ஜவுளிக்கடையை நடத்திக்கொண்டு, நன்றாகத்தான் இருந்தார். அத்தாவுக்கு இருப்பது மகளுக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் ஒதுங்கிவிடுவார்களாம். அதனால் படியேறி மூச்சு வாங்கினால் கேஸ், நெஞ்சு படபடத்தால் கேஸ். அத்தாவும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டால், எல்லாம் உனக்காகத்தான் என்று அம்மா என் வாயை அடைத்துவிடுவார்.

ஊரப்பாக்கத்திலிருந்து அப்துல் அஹத் குடும்பம் நிச்சயம் பேச வந்தது. சாப்பிட உட்கார்ந்த அத்தாவின் வலது கை பிரியாணித் தட்டிலேயே நின்றுபோனது. வாய் ஒரு பக்கம் கோணியது. மாப்பிள்ளையின் அப்பா அப்துல் அஹத்தான் சட்டென்று அவரைத் தூக்கித் தன் காரில் போட்டார். அம்மா கூடவே ஏறினார். நிச்சயம் ஆகாத பெண் சம்பந்தி வண்டியில் ஏறக் கூடாதென்று என்னைப் பட்டுப்புடவையோடு விட்டுவிட்டுப் போனார்கள். மாத்திரை ஞாபகம் வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அது அடுப்படியில் அடித்தது. மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் ஊசி ஏறிவிட்டது. மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி. டாக்டர் ஜெயப்பிரியா என் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு தடவ கேட்டேன்மா. ஈசிஜி சரியில்ல, ஹார்ட் பிரச்சினை இருக்கா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதுவும் போடுறாரான்னு. கேஸ் தொல்லை மட்டும்தான்னு உங்கம்மா சொன்னாங்க."

அந்த மாத்திரைக்கு மேல் இந்த ஊசியும் சேர்ந்தால் மூளையில் ரத்தம் கசியும். கசிந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்ட இதயத்தோடு பக்கவாதம் வந்தாலே தேறுவது கஷ்டம், ஆனால் இவர் சீக்கிரமே வந்துவிட்டார், தெரிந்திருந்தால் ஊசி போடாமல் குழாய் விட்டுக் கட்டியை எடுக்கப் பார்த்திருப்போம் என்றார் டாக்டர். அம்மா பெஞ்சில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் பெற்றவளை வெறுத்தேன். மறுநாள் மூச்சு அடங்கி அத்தா மௌத்தாகிவிட்டார்.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதும்போது அப்துல் அஹத் வந்தார். கணவனை இழந்தவள் அந்நிய ஆண்கள் முன் வரக் கூடாத இத்தா காலம் என்பதால் அம்மா அறைத் திரைக்குப் பின்னால் இருந்தார். அப்துல் அஹத் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். கல்யாணப் பேச்சில் மாற்றமில்லை என்றார். பிறகு, "நாங்க ஏமாந்துட்டோம்னு நெனைக்காதம்மா. பொண்ணு கேக்கறதுக்கு முன்னாடியே உங்க பஜார் மெடிக்கல்ல விசாரிச்சிட்டோம். அவுருக்கு ஹார்ட் பேஜாரு, ரத்தம் உறையாம மாத்திர போட்டுகினு கீறார்னு தெரிஞ்சிதான் வந்தோம்" என்றார்.

"டாக்டர் கேக்கும்போது நீங்களும் அங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன். உங்கம்மா இல்லன்னு சொல்லிகினு கீறாங்க. நாலு பேர் எதிர்ல அவுங்கள எப்டிம்மா பொய்யின்னு சொல்றது? சம்பந்தி மரியாதன்னு ஒண்ணு கீதுல்ல?"

அவர் நல்ல மனிதர்தான், அதுதான் தாங்கவில்லை. அம்மா எனக்காகப் பொய் சொன்னார். இவர் அம்மாவுக்காக வாய் திறக்கவில்லை. அத்தாவுக்காகப் பேச அங்கே ஒரு நாதி இல்லை.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம் மாமா" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "துக்கத்துல உளர்றா, தப்பா எடுத்துக்காதீங்க."