பொட்டலில் எடுத்த முப்பத்தாறு படங்கள்

கோட்டையூரில் ஸ்டூடியோ வைத்திருந்த மரிய ஜெரால்டுக்கு, 1995 பொங்கலுக்கு முன்னால் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து ஒரு கேமரா கொண்டுவந்தான். பொத்தானை லேசாக அழுத்தினால் போதும், அதுவே ஃபோகஸ் பிடிக்கும். ஓடுகிற மாட்டையும் விடாமல் தொடரும் என்றான்.

“பழசுல ஓடுறதெல்லாம் கலங்குது” என்று மனைவி பெல்சியிடம் சொல்லித்தான் ஜெரால்டு அதை வரவழைத்திருந்தார். மீதியைச் சொல்லவில்லை.

போன வருடம் கண்மாய்ப் பொட்டலில் நடந்த மஞ்சுவிரட்டில், வேடிக்கை பார்க்க வந்த உள்ளூர்க்காரன் உடையப்பன், கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தான். பின்னால் காளை வந்தது. இரண்டையும் கேமராவுக்குள் பார்த்தவர் ஜெரால்டு ஒருவர்தான். சத்தம் போடவில்லை. படம் தெளிவாக விழவேண்டுமென்று இடது கையால் லென்ஸ் வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உடையப்பன் உயிர் போய்விட்டது. படமும் கலங்கலாகத்தான் விழுந்தது.

தெருநாய்களை ஓடவிட்டுப் படமெடுத்து நாலைந்து நாள் பழகியபின், இந்த வருடமும் அதே கண்மாய்ப் பொட்டலுக்குப் புதுக் கேமராவோடு போனார். காளைகள் அவிழ்ந்து வந்தன. கேமரா கிர்ரென்று முனகி ஒவ்வொன்றையும் பிடித்தது. வேலையில்லாத இடது கை மட்டும் தானாகத் திருகிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த அவரால் முடியவில்லை.

சாயங்காலம் படங்களைக் கழுவினார். முப்பத்தைந்தில் காளைகளின் கொம்பு நுனிகூடத் துல்லியமாக இருந்தது. ஒன்றில் மட்டும் காளை விலகியிருக்க, பின்னால் கரையில் உட்கார்ந்திருந்தவள்மேல் ஃபோகஸ் விழுந்திருந்தது. உடையப்பனின் மனைவி சோலையம்மாள். கூட்டம் முழுக்க மாட்டைப் பார்க்க, அவள் நேராக இவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனார்.

“வருவீகன்னு தெரியும்ணே” என்றாள் அவள். “அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டா எல்லாரும் ஒண்ணும் தெரியலங்குறாக. நீங்க கேமராவுல பாத்தீகளே?”

“பாத்தேன் தங்கச்சி. மாடு வர்றது தெரிஞ்சுச்சு. ஒரு சத்தம் குடுத்திருந்தா விலகியிருப்பாரு. நான் கேமராவத் திருகிக்கிட்டு நின்னுட்டேன்.”



“அவுக மாட்டப் பாத்தாகளா?”

“இல்ல. துண்டு எடுக்கக் குனிஞ்சிருந்தாரு.”

“அப்ப பயந்திருக்க மாட்டாக.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, “போங்கண்ணே. இனிமே இங்குட்டு வராதீக” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அன்று ராத்திரி பெல்சியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

அடுத்த வருடம் வெறுங்கையோடு பொட்டலுக்குப் போனார். காளை அவிழும்போதெல்லாம், “விலகுங்க! பின்னாடி பாருங்க!” என்று கத்தினார். மாடே வராத பக்கம் நின்றவர்களையும் பிடித்துத் தள்ளினார். இளவட்டங்கள் சிரித்தார்கள். தொண்டை கட்டிக் குரல் வெறும் காற்றாக வந்த பிறகும் அவர் கத்துவதை விடவில்லை.