செவ்வாய்க்கிழமை பத்து மணிப் பாடம்

சுதர்ஷினி பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் இரண்டாம் வருடத்தில் வரிசைப்படுத்தும் முறைகளைப் படித்த வாரம், கருக்கன்மலைத் தோட்டத்து மேல்டிவிசனில் கொழுந்து நிறுக்க வந்த நாற்பத்தொரு பெண்களும், யாரும் சொல்லாமலே, குறைந்த எடை முன்னாலும் கூடிய எடை பின்னாலுமாக நின்றார்கள். தராசில் ஏறும்வரை எவளுக்கும் தன் கொழுந்தின் எடை தெரியாது. ஆனாலும் வரிசை ஒரு கிலோகூடப் பிசகவில்லை. திங்கள் முதல் சனி வரை அப்படி நடந்தது. அடுத்த திங்கள் பழையபடி முண்டியடித்தார்கள். பனி அதிகம், அதனால்தான் என்றார் கணக்கப்பிள்ளை. சுதர்ஷினியின் அம்மா வீரம்மா மட்டும் ஞாயிற்றுக்கிழமை போனில் இந்த வாரம் என்ன படித்தாய் என்று மகளிடம் கேட்டாள். சாமான்களைச் சிறிசு பெரிசாக அடுக்குவது எப்படி என்று படித்ததாக மகள் சொன்னாள். வீரம்மா அதை இரண்டாம் தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

மூன்றாம் வருடம் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நடந்ததை வரிசை வீடுகளான லயமே பார்த்தது. அடுத்த வீட்டுப் பேச்சியம்மா ஹோஸைப் பிடித்துக்கொண்டு வாளிக்காக நின்றாள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஜீவராஜ் வாளியைப் பிடித்துக்கொண்டு ஹோஸுக்காக நின்றார். "நீங்க விடுங்க மொதல்ல" என்றாள் அவள். "நீ விடு புள்ள" என்றார் அவர். இருவராலும் விட முடியவில்லை. மூன்று நாள் நின்றார்கள். வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுபோய் ஊட்டினார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் இரண்டு கையும் ஒரே நேரத்தில் திறந்தன. தன் கையில் இருப்பதை விடாமல் மற்றவர் கையில் இருப்பதற்குக் காத்திருந்தால் மிஷின் அப்படியே உறைந்துபோகும் என்பதுதான் அந்த வாரத்துப் பாடம் என்று சுதர்ஷினி போனில் விளக்கினாள். பேச்சியம்மா அதை ஒட்டுக்கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து லயத்தின் பன்னிரண்டு காம்பரா வீடுகளும் வீரம்மாவைக் கண்டால் பேச்சை நிறுத்தின. "ஒம்மக எங்கள வச்சுல்ல படிக்குது" என்று ஜீவராஜ் நேராகவே சொன்னார். அந்தச் சந்தேகம் வீரம்மாவுக்கும் இருந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, அடுத்த பாடம் என்ன என்று வீரம்மா முன்கூட்டியே கேட்டுவைத்தாள். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நினைவகம் என்றாள் மகள். "மிஷினுக்குள்ள ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு விலாசம் இருக்கும்மா. வெளியில யாருமே அந்த விலாசத்த வச்சிருக்கலன்னா, அது குப்பைன்னு மிஷின் தானாவே அழிச்சிரும்."

பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த லயத்துக்கு விலாசம் கிடையாது. கடிதம் வந்தால் தோட்ட ஆபீசுக்கு வரும், இல்லாவிட்டால் கொட்டகலை பஜாரில் மேர்வினின் தையல் கடைக்கு வரும். ஒரு வகுப்புத்தானே, மட்டம் போடச் சொல் என்றார்கள். ஆனால் மண்சரிவில் ரயில் நின்ற நாட்களில் சுதர்ஷினிக்கு வகுப்பு வரவு குறைந்திருந்தது. இன்னும் ஒரு வகுப்புத் தவறினால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். நான்கு வருடப் படிப்பு அதோடு போகும்.

வீரம்மா திங்கட்கிழமை மலையிலிருந்து இறங்கியதும் மகளை அழைத்தாள்.

"ஒங் கூட்டாளிங்ககிட்ட வீடு எங்கன்னு சொல்லியிருக்க?"

மறுமுனையில் யாரோ சிரிக்கும் சத்தமும் தட்டுகள் அடுக்கும் சத்தமும் கேட்டன.

"கொட்டகலை டவுன்னு."

"டவுன்ல எங்க?"

"மேர்வின் அண்ணன் கடை மேல்மாடின்னு சொன்னேம்மா."

மேர்வின் கடைக்கு மாடி கட்டியதே கிடையாது. ஆனால் போன மாதம் வீரம்மா பஜாருக்குப் போனபோது ஒரு மாடி இருந்தது, ஏறப் படி மட்டும் இல்லை. அப்போது ஏன் என்று புரியாதது இப்போது புரிந்தது. 

"வகுப்புக்குப் போ" என்று சொல்லி வீரம்மா வைத்துவிட்டாள்.

"எங்கள அழிச்சிட்டு மக பட்டம் வாங்கட்டும்னா?" என்று ஜீவராஜ் வாசலில் நின்று கேட்டார். "எங்களன்னா அதுல நானும் இருக்கேண்ணே" என்றாள் அவள்.

செவ்வாய்க்கிழமை காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஒருவரும் போகவில்லை. அடையாள அட்டையையும் பானை சட்டியையும் கோழிகளையும் எடுத்துக்கொண்டு எதிர்மேட்டில் உட்கார்ந்தார்கள். பத்து மணிக்கு, வருடக்கணக்காகப் பூட்டிக்கிடந்த குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பரா சத்தமில்லாமல் போனது. அந்த இடத்தில் புல் இருந்தது. பிறகு லயத்துச் சுவர்கள் நனைந்த காகிதம்போல் மெலிந்தன. ஆறாம் காம்பராவின் சுவர் வழியே பின்னாலிருந்த தேயிலைச் செடிகள் இலை இலையாகத் தெரிந்தன. பேச்சியம்மா மாரியாத்தாளை அழைத்தாள். வீரம்மா தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் இப்போது என்ன செய்வாள் என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பெற்ற பிள்ளைமேல் அப்படி ஒரு சந்தேகம் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

பத்து இருபத்தைந்துக்குச் சுவர்கள் பழையபடி தடித்தன.

அந்நேரம் விரிவுரை மண்டபத்தில், வெளியில் யாரும் விலாசம் வைத்திராத ஒன்றுக்கு உதாரணம் சொல்லும்படி விரிவுரையாளர் கேட்டிருந்தார். சுதர்ஷினி எழுந்தாள். மைக் வேலை செய்யவில்லையோ என்று அவர் தட்டிப் பார்க்கும் அளவுக்குப் பேசாமல் நின்றாள். பிறகு கருக்கன்மலைத் தோட்டம், மேல்டிவிசன், ஏழாம் நம்பர் லயம், ஆறாம் காம்பரா, அங்கேதான் என் வீடு, டவுனில் அல்ல என்றாள். பரீட்சைக்கு வரக்கூடும் என்று நூற்றுப் பதினெட்டுப் பேர் அதை அப்படியே குறித்துக்கொண்டார்கள். பஜாரில் மேல்மாடி மறைந்தது. படி கட்ட மரம் வாங்கிவைத்திருந்த மேர்வினுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

அடுத்த விடுமுறையில் சுதர்ஷினி வீட்டுக்கு வந்த மறுநாள், அவளோடு படிக்கும் மூன்று பிள்ளைகள் தேயிலைக்குள்ளால் நேராக ஏறி வந்து ஆறாம் காம்பரா வாசலில் நின்றார்கள்.

"யாரு வழி சொன்னா?" என்றாள் வீரம்மா.

"ஒருத்தரும் சொல்லலம்மா" என்றாள் அவர்களில் நிஷாந்தி என்பவள். "நாங்க கண்டிக்குத்தான் டிக்கட் எடுத்தோம், காலு இங்க கூட்டிட்டு வந்திரிச்சு."

வீரம்மா மூன்று பேரின் கால்களையும் ஒருமுறை உற்றுப் பார்த்தாள். பிறகு தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினாள். அந்த வருடத்துக்குள் விலாசத்தைக் குறித்துக்கொண்ட மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்துபோனார்கள், பெரும்பாலும் மழை நாட்களில். இப்போதெல்லாம் அவள் சீனி கொஞ்சம் கூடவே வாங்கிவைக்கிறாள்.