பொட்டு வைத்த ரோபோக்கள்

கார் ரோபோவாகும், ரோபோ மறுபடி காராகும். கட்டைவிரல் உயரப் பொம்மைகள். அவற்றை மடக்கி விரித்து யூடியூபில் விமர்சனம் சொல்லிச் சொல்லியே ஜெயசீலனுக்கு வெறுத்துவிட்டது. சிதம்பரத்தில் ஒரு செல்போன் கடை வேலைக்கு ஒத்துக்கொண்டுவிட்டான். கடைசி வீடியோவை எடுத்துவிட்டு வீட்டில் சொல்லலாம் என்றிருந்தான்.

அன்று ஆயுத பூஜை. முதுநகர் வீட்டில் அலமாரியைத் திறந்தால் ஒரு பொம்மைகூட இல்லை. சாமி படத்துக்கு முன்னால், அப்பாவின் படகு எஞ்சின் ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில், அத்தனையும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம்.

வைத்தவள் அவன் அம்மா தனம். "கழுத வயசாச்சு, பொம்மைய வச்சு வெளையாடுறான்" என்று தெருவெல்லாம் புலம்பிய அதே அம்மா.

"பூஜையில வச்சத எடுக்காதடா. நாளைக்கு எடுத்து, மொத வேலையா ஒரு வீடியோ போடு" என்றாள். "அப்பாவுக்கு அது, ஒனக்கு இது. தொழில நாமதான மதிக்கணும்."

அப்பா தன் ஸ்பேனர்களை ஓரமாகத் தள்ளி, ரோபோக்களுக்கு இடம் விட்டார்.

கற்பூரத் தட்டு ஜெயசீலன் முன்னால் வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"நல்லா கும்புட்டுக்க" என்றாள் அம்மா. "அடுத்த வருசம் இந்த எடம் பத்தாம போவணும்."