முப்பது பேருக்கு ஐம்பது இடம்

வெல்டர் யாரையும் நம்புகிற ஆள் கிடையாது. தன் நிழல் பின்னால் வந்தாலும் எதற்கு வருகிறாய் என்று கேட்பார். வெளிநாட்டில் அவர் தங்கியிருந்த கம்பெனி விடுதியில் அவருக்குப் பேரே சந்தேகம். "சந்தேகம் குளிக்கப் போயிருக்கு", "சந்தேகம் தூங்குது" என்று காதுபடவே பேசுவார்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. ஏமாளி என்று பேர் வாங்குவதற்கு இது தேவலை.

கால் விரலில் இரும்புத் தகடு விழுந்ததால் அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். ஊரில் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். குடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது, மதியத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் கைவிட்டுப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள்.

மகன் தன் குரலைப் பதிந்து போனுக்கு அனுப்பியிருந்தான். "அப்பா, நீங்க 'போ'ன்னு சொன்னாத்தான் அம்மா உள்ள போவாங்களாம். சீக்கிரம் வீடியோல வாங்க."

கேட்டதும் அவர் செய்த முதல் காரியம், வழக்கம்போல வைஃபை இணைப்பைப் போனிலிருந்து அழித்ததுதான். ஒவ்வொரு தடவையும் போனைப் பார்த்து முடித்ததும் அழித்துவிடுவார். கதவைத் திறந்து போட்டுவிட்டு எவன் தூங்குவான்? பிறகு போய் முகத்தைக் கழுவினார். அழுத முகத்தை அவளிடம் காட்ட முடியாது. திரும்பி வந்து பாஸ்வேர்டைப் போட்டால், 'ஐபி முகவரி பெறப்படுகிறது' என்று காட்டிவிட்டுப் போன் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் முடியாது என்றது.

மறுபடி போட்டார். மறுபடியும் முடியாது.

நொண்டிக்கொண்டே வராந்தாவுக்கு ஓடினார். வைஃபை பெட்டி சுவரில் கம்பிக்கூண்டுக்குள் பூட்டிக் கிடந்தது. பச்சை விளக்கு ஒன்றும் நடக்காததுபோல எரிந்தது. போனைக் கூண்டோடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றார். விரல் ரேகை கேட்டார்கள் என்று இந்த ஊர் சிம்மும் வாங்காதவர். இந்தப் பெட்டியை விட்டால் வேறு வழியில்லை.

இரண்டு நாளாக வேலையிடத்திலேயே தங்கியிருந்த வயர்மேன், ராத்திரி ஷிப்ட் முடிந்து படியேறி வந்தான்.

"என்னண்ணே, பெட்டிகிட்ட ரகசியம் பேசுறீங்களா?"

"எவனோ என் லைனைப் பிடுங்கிட்டான். நீதானா?"

"நான் இப்பத்தானே வாசப்படியே மிதிக்கிறேன்."

"உன் போன்லயாவது கூப்பிடுடா. ஊர்ல வீட்டுக்காரி சாகக் கிடக்கிறா."

வயர்மேன் சிரிப்பை நிறுத்திவிட்டான். அவன் சிம்மில் காசு தீர்ந்துபோயிருந்தது. வைஃபையைப் போட்டான். அவனுக்கும் கிடைக்கவில்லை.

"கட்டடமே காலி. எனக்கும் எடமில்லைங்குதே."

"என்னடா எடம்?"

"உள்ள வர்ற ஒவ்வொரு போனுக்கும் இந்தப் பெட்டி தானாவே ஒரு நம்பர் கொடுக்கும்ணே. அதான் விலாசம். விலாசம் இல்லாத போனுக்கு எதுவும் வந்து சேராது. மொத்தமே ஐம்பதுதான் வெச்சிருக்காங்க. ஆள் வெளிய போனாலும், திரும்பி வருவான்னு ஒரு நாள் முழுக்க அந்த நம்பரை எடுத்து வெச்சிருக்கும்."

"நாம முப்பது பேர்தானே. மிச்சத்தை எவன் முழுங்கினான்?"

வயர்மேன் அவரை ஒரு மாதிரி பார்த்தான். "அண்ணே, உங்க போனை யாரும் அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு போன வாரம் என்கிட்ட ஒண்ணு கேட்டு அதுல வெச்சுக்கிட்டீங்களே."

"ஆமா. அதுக்கென்ன?"

"அது அழிச்சுட்டுப் போடுற ஒவ்வொரு தடவையும் புதுப் பேர் சொல்லிக்கிட்டு உள்ள போகும். வேற ஆளுன்னு நெனச்சுப் பெட்டி வேற நம்பர் கொடுக்கும். நேத்திலேருந்து எத்தனை தடவை அழிச்சீங்க?"

வெல்டர் விரல் விட்டு எண்ணினார். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மனசு பொறுக்காதபோதெல்லாம் திறந்து பார்த்தார், அழித்தார். இருபது வெல்டர் உள்ளே உட்கார்ந்துகொண்டு, நிஜ வெல்டரை வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

"மெயினை அணைச்சுப் போட்டா இது எல்லாத்தையும் மறந்துடும்" என்றான் வயர்மேன். "முதல்ல அந்த வேஷத்தைக் கழட்டணும். போனைக் கொடுங்க."

பெற்ற பிள்ளை கையில்கூடக் கொடுக்காத போன். கொடுத்தார்.

வயர்மேன் மெயினை அணைத்துப் போட்டான். பெட்டியின் விளக்கு அணைந்து, சிவப்பாகி, சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஆமை நகர்ந்தால்கூட இந்நேரம் ஊர் போயிருக்கும். பச்சை வந்ததும் போன் ஒட்டிக்கொண்டது. கூப்பிட்டார். காலிக் கட்டில்தான் தெரிந்தது.

"அம்மாவை உள்ள கொண்டுபோயிட்டாங்கப்பா."

"கையெழுத்து?"

"போட்டாங்க."

"நான் பேசவே இல்லையேடா."

மகன் குரலைத் தாழ்த்தினான். "அம்மா கண்ணசந்தப்ப நீங்க லைன்ல வந்து, போகச் சொன்னீங்கன்னு பொய் சொல்லிட்டேன்."

"நம்பினாளா?"

"'அந்த மனுஷனே நம்பிப் போகச் சொல்றாருன்னா சரி'ன்னாங்க."

பொய் சொன்னவனை வீட்டுப் படி ஏற்றாதவர், மகனைத் திட்ட வார்த்தை தேடினார். வரவில்லை. "பொழைச்சுடுவாளாடா?"

"தெரியலப்பா."

வயர்மேன் அறைக்குத் திரும்பினான். "அண்ணே, லைனை அழிச்சுடாதீங்க."

"அழிக்கலடா." வெல்டர் பெட்டிக்குக் கீழேயே தரையில் உட்கார்ந்தார். மகனிடம் சொன்னார்: "கட்டிலைக் காட்டாதே. அவ போன கதவு எதுன்னு காட்டு. காட்டிக்கிட்டே இரு."