கார்புரேட்டரில் சந்தனம்

அம்மிணி காரை ஸ்டார்ட் செய்தால் மாதுங்காவில் மூன்று தெருவுக்குக் கேட்டது. ஆயுத பூஜை கழிந்து இரண்டு வாரமாக இதே கூத்து. ஒன்பது வயதான வண்டி; காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பச் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தால் இரண்டு நிமிஷம் இரைந்துவிட்டுத் தானே அடங்கும். இப்போதோ சோக்கை உள்ளே தள்ளிய பிறகும் அரைமணி நேரம் ஓலமிட்டது. ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமலே முன்னால் பாய்ந்தது. போன திங்கட்கிழமை கிங்ஸ் சர்க்கிளில் பிரேக்கை மிதித்தபடியே ஊர்ந்து போனவள், ஒரு காய்கறி வண்டியை லேசாக இடித்துவிட்டாள். உருண்ட கத்தரிக்காய்களைப் பொறுக்கிக் கொடுத்தது பாதி மாதுங்கா. செய்தியைப் பரப்பியது மீதிப் பாதி.

செய்தி முலுண்ட் வரைக்கும் போய், புருஷனின் அண்ணா ஜகந்நாதனை ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. பொம்மனாட்டி கை பட்டதால்தான் எஞ்சின் கெட்டது என்பது அவருடைய தீர்ப்பு. எஞ்சினைப் பற்றி அவருக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். உலகச் சண்டை முடிந்தும் பெட்ரோலுக்குக் கூப்பன் முடியவில்லை, இப்படிக் குடிக்கிற வண்டி எதற்கு என்று சொல்லி, அதை விலைக்கு வாங்கச் சாயங்காலம் வருவதாக ஒரு ஆளையும் பேசி வைத்திருந்தார். அம்மிணியின் புருஷன் அனந்தநாராயணன் "பாக்கலாம்" என்றார். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வண்டி போனால் அம்மிணியின் புருஷன் கோட்டைப் பகுதியிலிருக்கும் ஆபீசுக்கு லோக்கல் ரயிலில் போக வேண்டும். ஆறு மாதமாக அவர் படியிறங்கும்போது காலால் துழாவுகிறார். தட்டில் கறி இருக்கும் இடத்தை விரலால் தேடுகிறார். வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்றுதான் அவளை வண்டியோட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, நகரும் ரயிலில் கூட்டத்தோடு கூட்டமாக எப்படித் தொற்றுவார்? இதை அண்ணாவிடம் வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. அவளிடமே அவர் சொல்லாத விஷயம் அது. கார்தான் அவருடைய மானத்தை இதுவரை மூடிக் காப்பாற்றியது.

அதனால்தான் யாரையும் கேட்காமல் தாராவியிலிருந்து ஜெயினுலாப்தீனை வரச் சொல்லியிருந்தாள். திருநெல்வேலிக்காரர், கார் பட்டறை வைத்திருப்பவர். வந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, இரைச்சலுக்கு நடுவே காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். பிறகு பானெட்டைத் திறந்தார்.

சோக் கம்பியை ஆட்டிப் பார்த்தார். அது சரியாகத் திரும்பியிருந்தது. எங்காவது காற்று திருட்டுத்தனமாக நுழைகிறதா என்று கார்புரேட்டர் உட்காரும் இடத்தைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுப் பார்த்தார், சத்தம் மாறவில்லை. கடைசியில், ஆக்ஸிலேட்டர் கம்பி வந்து சேரும் சின்ன அச்சை ஒரே விரலால் அழுத்தினார். எஞ்சின் சட்டென்று அடங்கியது. மாதுங்காவில் மறுபடி காக்காய்ச் சத்தம் கேட்டது.

ஜெயினுலாப்தீன் நகத்தால் அந்த அச்சைச் சுரண்டி, வந்ததை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். எண்ணெயோடு குழைந்து காய்ந்துபோன மஞ்சள் பொருக்கு, நடுவில் சிவப்பு.

"வண்டிக்கு ஒரு சீக்கும் இல்லம்மா, எல்லாம் பராபர் இருக்கு. சந்தனம் காஞ்சு அச்சப் புடிச்சிருக்கு. சோக்க இழுத்தா தெறக்குது, திரும்பி மூட மாட்டேங்கு. சூடேறி எண்ணெ எளகுனாத்தான் எறங்குது. ஸ்டீரிங்குல வைப்பாங்க, பானெட்டுல வைப்பாங்க. இதுல யாரும்மா வச்சது?"

யார் வைத்தது என்று அம்மிணிக்குத் தெரியும். ஆயுத பூஜையன்று பானெட்டைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, வருஷா வருஷம் செய்வதுபோல் பாட்டரிக்குப் பொட்டு வைக்கப் போனவர் அவள் புருஷன்தான். அவள் பூ எடுத்துவர உள்ளே போயிருந்தாள். இப்போது குனிந்து பார்த்தாள். பாட்டரி வெறுமனே இருந்தது. ஒரு முழம் தள்ளி, கார்புரேட்டர்மேல், விரலால் தடவித் தடவி அப்பியதுபோல் அத்தனை சந்தனமும். கூசுகிற கண் இல்லை இது. பக்கத்தில் இருப்பதுகூடத் தெரியாத கண்.

"நான்தான் வெச்சேன்," என்றாள்.

பக்கத்தில் நின்ற ஜகந்நாதன் இதற்குத்தான் காத்திருந்தார். இன்றைக்கு இது, நாளைக்கு ஆள்மேல் ஏற்றுவாள், சாயங்காலமே தள்ளிவிடு என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். அம்மிணி தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு அவளுக்கு உறைக்கவில்லை, பயம்தான் இருந்தது.

அனந்தநாராயணன் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அவ இல்லை, அண்ணா. நான்தான் வெச்சேன். பாட்டரிமேல வெக்கறதா நெனச்சுண்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க எங்க நிக்கறேள்னு குரலை வெச்சுத்தான் சொல்றேன். மொகம் தெரியலை."

ஜகந்நாதன் கெட்டவர் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். தம்பியிடம் போய்த் தோளைத் தொட்டார். அந்த ஆளிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதாக முணுமுணுத்தார்.

ஜெயினுலாப்தீன் எதையும் கேட்காதவர்போல் அச்சை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். அம்மிணி ஸ்டார்ட் செய்தாள். இரைந்தது, சோக்கைத் தள்ளினாள், நல்ல பிள்ளையாக அடங்கியது. ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள் என்றார் அவர்.

அம்மிணி இறங்கிப் புருஷனிடம் வந்தாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"சொன்னா நிஜமாயிடும்னு பயந்துண்டு இருந்தேன், அம்மிணி. நாளைக்கு ஆபீஸ் வேண்டாம். கண் டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போ."

புருஷனும் பெண்டாட்டியும் கைகோத்துத் தெருவில் நடக்கிற வழக்கம் அந்த மாதுங்காவில் இல்லை. எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் வேறு தெரிந்தன. அனந்தநாராயணன் கையை முன்னால் நீட்டினார், அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று தெரியாமல் கொஞ்சம் தள்ளி நீட்டினார். அம்மிணி நகர்ந்துபோய் அந்தக் கைக்கு நேராக நின்று, அதைப் பிடித்துக்கொண்டாள்.