எழுத்து மூலமாக

விசித்தா என் மேசையில் வைத்த கடிதத்தில் எண்ணெய்க் கறை பட்டிருந்தது. பகல் பதினொன்றரை. எண்ணெயில் பொரிக்கிற சூரோப் பலகாரக் கடையை மூடிவிட்டு, கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் ஓடி வந்திருக்கிறாள். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருகிற கடிதம் அது. லினாரெஸ் ஊரில் அந்த மாதிரிக் கடிதம் வந்தால் ஜனங்கள் பிரிக்கக்கூடப் பயந்துகொண்டு எங்கள் அலுவலகத்துக்குத்தான் வருவார்கள். வரி, ஓய்வூதியம், வாடகைப் பத்திரம் என்று அடுத்தவர் காகிதங்களைப் படித்துச் சொல்வதுதான் இருபத்தாறு வருடமாக என் பிழைப்பு.

"நீயே படி கசில்தா. கண்ணாடிய கடையிலயே விட்டுட்டேன்" என்றாள். கண்ணாடி அவள் தலைமேல்தான் இருந்தது.

அவள் புருஷன் ஃபெர்மின் ஜனவரி ஒன்பதாம் தேதி இறந்துபோனான். கடையின் வாடகைப் பத்திரம் அவன் பேரில் இருக்கிறது. இறந்தவரின் தொழிலைத் தொடர்ந்து நடத்துகிற வாரிசுக்கு அந்த ஒப்பந்தம் மாறும். ஆனால் இரண்டு மாதத்துக்குள் கட்டடச் சொந்தக்காரருக்கு எழுத்து மூலமாகத் தெரிவித்திருக்க வேண்டும். இன்று மார்ச் பதினெட்டு. அப்படி எதுவும் வரவில்லை, ஒப்பந்தம் முடிந்தது, மாதக் கடைசிக்குள் சாவியை ஒப்படைக்கவும் என்று சொந்தக்காரர் தரப்பில் எழுதியிருந்தார்கள்.

"தெரிவிக்கலயா? ஃபெர்மினக் கெடத்தியிருந்த மண்டபத்துல கட்டடக்காரர் தொன் லெயாந்த்ரோவே என் ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டு நின்னாரே! இனிமே நான்தான் கடைய நடத்தப்போறேன்னு சொன்னேன். 'உன் கடைம்மா, நீ நடத்து'ன்னாரு. நீயும் பக்கத்துல மரம் மாதிரி நின்னியேடி!"

நின்றேன். இரண்டு மாதக் கெடு எனக்குத் தெரியும். பிணத்துக்கு முன்னால் நின்றுகொண்டு காகிதத்தைப் பற்றிப் பேசுவதா என்று வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் தினமும் காலையில் அவள் கடை வரிசையில் நின்று சூரோ வாங்கித் தின்றேன், சாக்லேட்டில் தோய்த்து. மறந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. மேசைக்கு வருகிற காகிதத்தைத்தான் எனக்குப் படிக்கத் தெரியும்.

இரண்டாவது பக்கத்தில் ஒரு புகைப்படம். இறக்கிய ஷட்டர், அதன்மேல் ஒட்டிய தாள்: 'ஃபெர்மின் காலமானதால் கடை மூடப்பட்டுள்ளது.' மார்ச் ஆறாம் தேதி, மாலை நான்கு மணி. தொழில் தொடர்ந்து நடக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாம். அவள் நாலாம் நாளே கடையைத் திறந்துவிட்டாள், ஊருக்கே தெரியும். விடிவதற்கு முன் திறந்தால் பதினொரு மணிக்கு மூட வேண்டியதுதான். அதற்குமேல் யார் சூரோ தின்கிறார்கள்? காலையில் ஷட்டரோடு அந்தத் தாளும் சுருண்டு மேலே போகும், மத்தியானம் கூடவே இறங்கி வரும்.

"ஏன் விசி கிழிக்காம வச்சிருந்த?"

"அவரு பேரு இருக்குல்ல" என்றாள்.

வாடகையைத்தான் வாங்கிக்கொண்டார்களே, அதை வைத்து வழக்காடலாமே என்று எனக்குத் தோன்றியது. வங்கிச் சீட்டைப் பார்த்தேன். மாதாமாதம் தானாகவே போயிருக்கிறது, ஃபெர்மின் பேரில். செத்தவன் ஒழுங்காக வாடகை கட்டியிருக்கிறான்.

தொன் லெயாந்த்ரோ வீட்டுக்கு இரண்டு பேருமாகப் போனோம். கிழவர் பால்கனி வெயிலில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். விசித்தாவைப் பார்த்ததுமே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, மனிதர் நல்லவர்தான். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"சொன்னேம்மா. சொல்லலன்னு எந்தக் காலத்துலயும் சொல்லமாட்டேன். ஆனா போன இலையுதிர் காலத்துலயே கட்டடத்த மக பேருக்கு எழுதிக் குடுத்துட்டேன். அவ மத்ரித்ல இருக்கா. ஏதோ பெரிய காப்பிக் கம்பெனிக்காரன் அந்த எடத்தக் கேக்குறானாம். என் பேச்ச அவ எங்க கேக்குறா?"

"அப்ப அன்னிக்கு என் கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னப்பவே கட்டடம் உங்களோடது இல்லயா?"

அவர் போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பவே அதச் சொல்லியிருக்கலாம்ல ஐயா?" என்று அவளே மறுபடியும் கேட்டாள்.

"பொணத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு எப்படிம்மா காயிதத்தப் பத்திப் பேசுறது?" என்றார்.

விசித்தா அவரைப் பார்க்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் வக்கீல் ஒருவர் இருக்கிறார், பார்க்கலாம் என்று நான்தான் ஏதோ உளறிக்கொண்டு வந்தேன். அந்த வக்கீல் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். கடை வாசலுக்கு வந்ததும் அவள் நின்றாள். ஷட்டர் இறங்கியிருந்தது, அதன்மேல் அந்தத் தாள்.

"எழுத்து மூலமா" என்றாள். "இந்த ரெண்டு மாசத்துல நான் எழுதுனது இது ஒண்ணுதான் கசில்தா."

தாளின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பினாள். பசை நாடா பாதி உரிந்து வந்தது. ஃபெர்மின் பேரின் முதல் எழுத்து வரைக்கும் உரித்தவள், என்ன நினைத்தாளோ, மறுபடியும் ஷட்டரோடு சேர்த்துக் கட்டை விரலால் அழுத்தினாள். விரலில் எண்ணெய் இருந்தது. அவள் கையை எடுக்க எடுக்க மூலை கிளம்பிக்கொண்டு வந்தது. அவள் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள்.